பில்டர் பக்கம்

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நிமித்தி வைங்க தம்பி. புல் வெட்டற மெஷின்தானே? மேல படம் போட்டிருக்குதே, அதான் கேட்டேன். புதுசுல ஆயில் ஊத்தாமத்தான் குடுப்பாங்க, படுக்கப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, தெரியும். இருந்தாலும் நிமித்தி வைங்க. அது ஒருச்சாஞ்சு கெடக்கறதைப் பார்த்தா எனக்கு உக்கார முடியறதில்லை. ஆ, அப்படித்தான். பஸ்ஸுல கால் நீட்ட எடமில்லைன்னா என் பக்கம் நீட்டிக்குங்க, பரவாயில்லை. தாராபுரம் வரைக்குமா? நானும் அங்கதான் போறேன்.

என் பேரு மயில்சாமிங்க. பொள்ளாச்சிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல தோட்டம், கிரவுண்டு எல்லாத்துக்கும் சூப்பர்வைசர். ஸ்கூல் பேரு வேண்டாம், பெரிய ஸ்கூலு, சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிரும். பதினஞ்சு வருஷமா அங்கதான் இருக்கறேன்.

மெஷின் வாங்கியிருக்கீங்க, அதனால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. கடைக்காரன் ஒரு புஸ்தகம் குடுத்திருப்பான். நாம அதைப் படிக்க மாட்டோம். காலைல கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்றப்பப் புகை வந்தா, மொதல்ல அது என்ன நெறம்னு பாருங்க. கருப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தியாப் போகுது, இல்லைன்னா காத்துப் போற பில்டர் அடைச்சிருக்குது. வெள்ளையா, லேசா நீலம் கலந்தாப்புல வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். அது நிக்காம வந்துட்டே இருந்தா ரிங்கு தேஞ்சிருக்கும், செலவு வைக்கும். அஞ்சு நிமிசம் வந்து தானா நின்னுபோச்சுன்னா மெஷின் மேல குத்தமில்லை. ஆயில் போகக்கூடாத எடத்துக்குப் போயிருக்குது, அவ்வளவுதான். எப்படிப் போகும்? நாமதான் போக விட்டிருப்போம்.

இதெல்லாம் இப்பச் சொல்றேன். அப்ப எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா... ஒருத்தர் சொன்னாருங்க. நான் காதுல போட்டுக்கலை.

அவரு பேரு நாச்சிமுத்து. என் சம்சாரத்துக்குக் கூடப் பொறந்த அண்ணன், எனக்கு மச்சான். அந்த ஸ்கூல்ல மெஷின் ஓட்டறவரு. எனக்கு முன்னால எட்டு வருஷம் அங்க வேலை பார்த்தவரு. சொல்லப்போனா எனக்கு அங்க வேலை வாங்கிக் குடுத்ததே அவர்தான். நான் ஐ.டி.ஐ. முடிச்சவன், அவரு ஏழாவது. அதனால நான் சூப்பர்வைசர் ஆயிட்டேன், அவரு மெஷினோடவே இருந்துட்டாரு. அதுல அவருக்கு வருத்தம் எல்லாம் ஒண்ணும் இல்லை. இருந்த மாதிரி எனக்குத் தெரியலை.

அக்கா, அதான் அவரு சம்சாரம், சீக்கிரம் போயிட்டாங்க. கொழந்தை இல்லை. என் பொண்ணு தாரணிதான் அவருக்கு எல்லாம். காது குத்தறப்ப அவரு மடியிலதான் உக்காந்துச்சு. அழுகவே இல்லை. அவருதான் அழுதாரு.

போன வருஷத்துக்கு முந்துன வருஷம் மழைக்காலத்துலதான் இது ஆரம்பிச்சது. புல்லு ஈரமா இருந்தா மெஷினுக்கு அடியில, பிளேடைச் சுத்தி அப்பிக்கும். அப்படியே உட்டா நாறும். அதனால தினமும் சாயங்காலம் மெஷினைச் சாய்ச்சு அடிப்பக்கத்தைக் கழுவோணும்னு நான்தான் சொன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? கழுவற எடம் பிரேயர் ஹாலுக்குப் பின்னால இருக்குது. வலது பக்கம் சாய்ச்சா அழுக்குத் தண்ணி சாக்கடைக்குப் போயிரும். இடது பக்கம் சாய்ச்சா கரெஸ்பாண்டன்ட் நடந்து வர்ற பாதைக்கு வரும். ஒருக்கா அப்படி வந்து, அவரு செருப்புல பச்சைத் தண்ணி பட்டு, எல்லார் முன்னாலயும் என்னைப் பேசுனாரு பாருங்க... அதுக்கப்பறம் எப்படீங்க நான் இடது பக்கம் சாய்க்க விடுவேன்?

ஆனா வலது பக்கம்தான் பில்டர் இருக்குது. நாச்சிமுத்து மொத நாளே சொன்னாரு, மாப்ள, பில்டர் பக்கம் கீழ போகக்கூடாதுங்க, ஆயில் எறங்கீரும், வேணும்னா முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கழுவிக்கலாம்னு. நிறுத்திப் புடிக்க இன்னொரு ஆள் வேணும், ஆளுக்கு எங்க போறது? நாஞ் சொன்ன மாதிரி செய்ங்க மச்சான்னேன். ரெண்டாவது தடவையும் சொன்னாரு. மூணாவது தடவை ஆளுக முன்னால சொன்னாரு. அப்ப எனக்குக் கொஞ்சம் கோவம் வந்துருச்சு. இங்க சூப்பர்வைசர் யாருன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனா அவரும் ஆளுக முன்னால சொல்லியிருக்கக் கூடாதில்லைங்களா?

அதுக்கப்பறம் அவரு சொல்லலை. தினமும் வலது பக்கமே சாய்ச்சுக் கழுவுனாரு.

பத்து நாள்ல புகை ஆரம்பிச்சது. காலைல கயித்தை இழுத்தா வெள்ளையாக் குப்புனு வரும். நானும் சும்மா இருக்கலைங்க. ஆயில் ஜாஸ்தியா இருக்கும்னு குச்சியை உருவிப் பார்த்துக் கொறைச்சேன். வேற நம்பர் ஆயில் மாத்துனேன். பிளக் புதுசு போட்டேன். பெட்ரோல் பங்கையே மாத்திப் பார்த்தேன். நிக்கலை. நான் ஒவ்வொண்ணாப் பண்றதைப் பார்த்துட்டு நாச்சிமுத்து பக்கத்துல நிப்பாரு, துணியில கையைத் துடைச்சுட்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க, நாலாவது தடவையா? சொல்லலை. அதுதான் அவருகிட்ட இருக்கற கெட்ட கொணம். மனசுல வெச்சுக்குவாரு.

ஜனவரியில ஸ்போர்ட்ஸ் டே வந்துச்சு. கொழந்தைக எல்லாம் காலைலயே வந்து வரிசையா நின்னுட்டாங்க. பார்த்தா மேடை ஓரமா ஒரு சால் புல்லு வெட்டாமக் கெடக்குது. நாச்சிமுத்து சொன்னாரு, இப்ப ஸ்டார்ட் பண்ண வேண்டாம் மாப்ள, கொழந்தைக மேல புகை போகும், அருவாளை எடுத்துட்டு வந்து நானே அறுத்தர்றேன்னு. அருவாள்ல அறுத்தா மேடும் பள்ளமுமாத் தெரியும். சீஃப் கெஸ்ட் வர்ற நேரம். நான்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சரி, அதை விடுங்க.

அன்னிக்கு மாதிரி புகை என்னிக்கும் வந்ததில்லைங்க. காத்து வேற அந்தப் பக்கமே அடிச்சுது. ரெண்டாங் கிளாஸ் கொழந்தைக நின்ன வரிசை அப்படியே தெரியாமப் போச்சு. ஒரு பொம்பளைக் கொழந்தைக்கு ஏற்கெனவே வீசிங் இருந்திருக்குது. அது நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துருச்சு. உதடெல்லாம் நீலமாயிருச்சு. மெஷினை உட்டுட்டு ஓடிப்போய் அதைத் தூக்கினது நாச்சிமுத்துதான். ஸ்கூல் வேன்ல ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில வெச்சுட்டுப் போனாரு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரில இருந்துட்டு, நல்லா ஆகி வீட்டுக்கு வந்துருச்சு. இப்ப மூணாங் கிளாஸ் படிக்குது, தினமும் பார்க்கறேன்.

ஆனா அவங்க அப்பா சும்மா உடுவாரா? யாருடைய தப்புன்னு எனக்குத் தெரியோணும்னு வந்து நின்னுட்டாரு. கரெஸ்பாண்டன்ட் கோயமுத்தூர்ல இருந்து ஜக்கரியான்னு ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னாரு. அந்த மனுசன் ரிங்கைக் கழட்டலை, எதையும் கழட்டலை. பில்டர் மூடியை மட்டும் தொறந்து, உள்ள இருந்த பஞ்சை எடுத்துப் புழிஞ்சாரு. ஆயிலாச் சொட்டுச்சு. அதை ஒரு பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு ஆபீஸ் ரூமுக்கே வந்துட்டாரு.

ரூமுல கரெஸ்பாண்டன்ட் இருக்கறாரு, அந்தக் கொழந்தையோட அப்பா இருக்கறாரு, நான் நிக்கறேன். நாச்சிமுத்து கதவுகிட்ட நிக்கறாரு. மெக்கானிக் சொன்னாரு, இது ரிப்பேரே இல்லீங்க சார், மெஷினைத் தினமும் பில்டர் பக்கமாச் சாய்க்கறாங்க, அதான் ஆயில் எறங்கிப் புகையுது, வெவரம் தெரிஞ்சவன் சாய்க்க மாட்டான்னு. சொல்லிட்டு, யாரு சாய்க்கறதுன்னு கேட்டாரு.

கரெஸ்பாண்டன்ட் என்னைப் பார்த்தாரு.

“நாச்சிமுத்துதாங்க சாய்ப்பாரு”ன்னேன்.

பொய்யா தம்பி? நீங்களே சொல்லுங்க. சாய்ச்சது அவரு கைதானே? நான் ஒரு நாளாவது தொட்டிருப்பனா? யாரு சாய்க்கறதுன்னுதானே கேட்டாங்க, யாரு சாய்க்கச் சொன்னதுன்னு கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டிருந்தா கண்டிப்பாச் சொல்லியிருப்பேன்.

கரெஸ்பாண்டன்ட் அவரு பக்கம் திரும்பி, நீங்கதானான்னு கேட்டாரு. நாச்சிமுத்து என்னை ஒரு தடவை பார்த்தாரு. ரொம்ப நேரமெல்லாம் இல்லை. பார்த்துட்டு, “ஆமாங்க, சாய்ச்சது நான்தான்”னாரு.

அவ்வளவுதான். அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. இருபத்தி ரெண்டு வருஷம்.

சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நானும் பின்னாலயே போனேன். ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க, எடுத்துச் சொல்லியிருக்கலாமில்லைன்னு கேட்டேன். அவரு சைக்கிள் பூட்டைத் தொறந்துட்டே சொன்னாரு.

“ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிச்சா துளசியும் புள்ளையும் என்ன பண்ணுவாங்க மாப்ள?”

துளசிமணிங்கறது என் சம்சாரம். அவரு கையில வளர்ந்தவ.

நான் என்ன நெனச்சேன்னா, ஒரு மாசம் போகட்டும், சூடு ஆறட்டும், கரெஸ்பாண்டன்ட்கிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லி மறுபடியும் சேத்து விட்டரலாம்னு. உண்மையாவே அப்படித்தான் நெனச்சேன். ஆனா என்ன ஆச்சு பாருங்க. மெக்கானிக் பஞ்சு மாத்தி, பிளக்கைத் தொடைச்சு, ஆயில் மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் நான் பில்டர் பக்கம் சாய்க்க விடலை. முன் சக்கரத்தைத் தூக்கி வெச்சுக் கழுவறதுக்கு சிமெண்டுல ஒரு சின்ன மேடை கட்டி வாங்கிட்டேன். தூக்கறதுக்கு ரெண்டு ஆள் போட்டேன். புகை நின்னு போச்சு. ஒரு பொட்டுப் புகை இல்லை.

அப்ப ஜனங்க என்ன பேசுவாங்க? நாச்சிமுத்து போனாரு, புகையும் போச்சுன்னு பேசுனாங்க. டீச்சருக, ஆயாம்மாக, டிரைவருக, எல்லாரும். அவரு போனதுதான் அத்தாட்சி ஆயிருச்சு. இதுக்கு மேல நான் போய் என்னன்னு எடுத்துச் சொல்றது? ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடியேத்தி முடிச்சதும் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போத்துனாங்க. கிரவுண்டை நல்லபடியா வெச்சிருக்கறதுக்குன்னு. நான் வேண்டாம்னேன். கேக்கலை.

வீட்லயும் நான் ஒண்ணும் சொல்லலைங்க. மச்சானைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசுனதில்லை, அதை நான் எந்தக் கோயில்ல வேணும்னாலும் சொல்வேன். ஸ்கூல்ல வேலை செய்யற ஆயாம்மா ஒருத்தி சந்தையில துளசியைப் பார்த்து, உங்கண்ணன் பண்ணுன வேலையில உங்க வீட்டுக்காரருக்குமல்ல கெட்ட பேரு வந்திருக்கும்னு சொல்லியிருக்கறா. துளசி வந்து எங்கிட்டக் கேட்டா. நெசமா, எங்கண்ணன்தான் பண்ணுச்சான்னு. நான் சாப்பிட்டுட்டு இருந்தேன். பேசாமச் சாப்பிட்டேன். என்ன பேசறது?

அவ அதை ஆமான்னு எடுத்துக்கிட்டா.

அடுத்த நாளே அவரு வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கறா. ஒரு கொழந்தை சாகப் பார்த்துச்சே, எம் புருசனைத் தலை குனிய வெச்சுட்டியேன்னு. அவரு ஒண்ணும் பேசலையாம். அடுப்புல பாலை வெச்சு, காப்பி போட்டுக் கொண்டாந்து முன்னால வெச்சாராம். இவ அதைத் தொடாமத் திரும்பி வந்துட்டா. எங்கிட்ட வந்து சொல்றா, செஞ்சவன்தாங்க வாயத் தொறக்க மாட்டான், செய்யாதவனா இருந்தா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்னு. நாச்சிமுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். அவருதான் சொல்லலை. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறவன் நான்.

ஒரு வருஷமாப் பேச்சு இல்லைங்க. தீபாவளிக்கு வரலை, பொங்கலுக்கு வரலை. அவரு இப்பக் கெணத்துக்கடவுப் பக்கம் ஒரு நார் மில்லுல இருக்கறாரு. தேங்கா மட்டை நாரைக் களத்துல கொட்டிக் காய வெச்சுப் பொரட்டற வேலை. அம்பத்தி ஆறு வயசுல, வெய்யில்ல. தூசி வேற. இருமறாரு.

இப்பத் தாரணிக்குக் கல்யாணம். வர்ற வியாழக்கிழமை. மாப்பிள்ளை திருப்பூரு, நல்ல எடம். உங்களுக்கே தெரியும், எங்க பக்கம் தாய்மாமன் இல்லாம ஒரு சீரும் நடக்காது. பொண்ணுக்கு மொதச் சேலை மாமன் எடுக்கோணும். மாமன் கையைப் புடிச்சுத்தான் மணவறைக்கு வரோணும்.

போன வாரம் வெத்தலை பாக்குத் தட்டோட நான் மில்லுக்கே போனேன். துளசிக்குத் தெரியாது. களத்துல நின்னுட்டு இருந்தாரு. மேலெல்லாம் தூசி, இமையில கூட. தட்டை நீட்டுனேன். வாங்கலை. கையைத் தொடைச்சுட்டு, புள்ளை எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டாரு. எல்லாம் சொன்னேன். சிரிச்சாரு. அப்பறம் சொன்னாரு, துளசி வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும் மாப்ள, வர்றேன்னு.

“அவ வர மாட்டேங்கறாளே மச்சான்”னேன்.

“ஏன் வர மாட்டேங்கறான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

குனிஞ்சு நாரைப் பொரட்ட ஆரம்பிச்சுட்டாரு. நான் கொஞ்ச நேரம் நின்னேன். தட்டுல இருந்த வெத்தலை வெய்யில்ல சுருங்கிப் போச்சு. வந்துட்டேன்.

சொல்லிரலாமில்லைங்கறீங்க. எனக்கும் அது தெரியாம இல்லை தம்பி. துளசிகிட்டப் போய், உங்கண்ணன் மேல தப்பில்லை, சாய்க்கச் சொன்னது நான்தான், ஸ்டார்ட் பண்ணச் சொன்னதும் நான்தான்னு சொன்னா அடுத்த பஸ்ஸுக்கே அவ கெணத்துக்கடவுல இருப்பா. ஆனா திரும்பி வருவாளா? கல்யாண வீடுங்க. பந்தக்கால் நட்டாச்சு. சம்பந்தி வீட்ல கேட்டா என்ன சொல்றது? ஒரு வருஷம் அவ வாயில அவங்கண்ணனைத் திட்டுனதெல்லாம் நான் உக்காந்து கேட்டுட்டு இருந்திருக்கறேன். அதை எப்படி இப்ப இல்லைன்னு சொல்றது? மொத நாளே சொல்லியிருக்கோணும். இப்பச் சொன்னா, சொன்னதை விட, இத்தனை நாள் சொல்லாம இருந்ததுதான் பெருசாத் தெரியும்.

கல்யாணம் முடியட்டும்னு இருக்கறேன். முடிஞ்சதும் பொறுமையா உக்கார வெச்சுச் சொல்லிக்கலாம். என்ன, அப்பச் சொல்லி என்ன ஆகும்னு கேப்பீங்க. மணவறைக்குக் கூட்டிட்டு வர்றது ஒரு தடவைதான். அது போனாப் போனதுதான்.

தாராபுரத்துல செங்கோட்டையன்னு துளசிக்குப் பெரியப்பா மகன் ஒருத்தரு இருக்கறாரு. அவரும் அண்ணன் முறைதானுங்க, ஒண்ணும் கொறையில்லை. அவரைக் கூப்பிடலாம்னு துளசிதான் சொன்னா. தாரணியை அவரு கடைசியாப் பார்த்தப்ப அதுக்கு நாலு வயசு இருக்கும். போன்ல கேட்டேன், சரின்னுட்டாரு. நேர்ல வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடோணுமில்லைங்களா, அதுக்குத்தான் போயிட்டு இருக்கறேன்.

இதெல்லாம் நான் யாருகிட்டயும் சொன்னதில்லைங்க. உங்களை இனி எங்க பார்க்கப் போறேன்.

இன்னிக்குக் காலைல நான் கெளம்பறப்பத் தாரணி வாசல் வரைக்கும் வந்துச்சு. ஏம்ப்பா, மாமன் வரவே மாட்டாரான்னு கேட்டுச்சு. உங்கம்மாவுக்கும் மாமனுக்கும் ஆகறதில்லை கண்ணு, நானும் மில்லு வரைக்கும் போய்க் கூப்பிட்டுப் பார்த்துட்டேன், இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்னு சொன்னேன். அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எங்கையைப் புடிச்சுட்டுச் சொல்லுது.

“நீங்க என்னப்பா பண்ணுவீங்க, பாவம்.”